மழைக்கு இரண்டு ஓட்டு

மழை வந்தால் அப்பா விசிலடிப்பார். மலேசியாவின் ஈப்போவிலிருந்து நாங்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த அந்தக் குளிர்காலத்தில் அவர் விசிலடிக்காத நாளே இல்லை என்று சொல்ல வேண்டும். காலையில் திரைச்சீலையை விலக்குவார். வெளியே கிளென்ஃபீல்ட் மேட்டுத் தெரு முழுக்கச் சாம்பல் நிறத்தில் நனைந்து கிடக்கும். உடனே ஏதோ பழைய பாட்டின் பாதி மெட்டு அவர் உதட்டில் ஏறிவிடும்.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பா மழைத்தண்ணீர் ஓடுவதற்குக் குழாயும் கால்வாயும் வடிவமைக்கும் பொறியாளர். இந்த ஊரில் மழை நின்றுவிட்டால் தனக்கு வேலை போய்விடும் என்று எங்களிடம் வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கைக்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. அவருடைய அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. கத்தி வைக்காத நாளுக்குக் கூலி கிடையாது. சிறுவயதில் மழைச் சத்தம் கேட்டு விழித்த நாள்களில் வீட்டில் யாரும் யாருடனும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்களாம். அதே மழை இப்போது தனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பதில் அவருக்குத் தீராத ஒரு திருப்தி. பழைய எதிரி ஒருவன் வீடு தேடி வந்து சலாம் போடுவதைப் போல அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அம்மாவின் கதை வேறு. ஈப்போவில் அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒற்றைப் புருவத்தால் அடக்கக்கூடியவர். இங்கே வகுப்பில் நிற்பதற்கு வேறு சில பரீட்சைகள் எழுத வேண்டும் என்றார்கள். தம்பி சிறியவனாக இருந்ததால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். தம்பிக்கு ஐந்து வயது நிறைந்ததும், இந்த ஊர் வழக்கப்படி, பிறந்தநாளுக்கு மறுநாளே அவனையும் பள்ளியில் சேர்த்துவிட்டோம். காலையில் அப்பா எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே வேலைக்குப் போய்விடுவார். அம்மா வீட்டில் இருப்பார். அவருக்கு அங்கே என்ன வேலை என்று நான் யோசித்ததில்லை. வீட்டில் இருப்பதுதான் அம்மாக்களின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக்லாந்தின் குளிர்காலம் தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பனி கொட்டாது. ஆறு உறையாது. படத்தில் போடும்படி எதுவுமே நடக்காது. வானம் கூரையளவுக்குத் தாழ்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். தூறும், நிற்கும், நின்றுவிட்டதா என்று கையை நீட்டினால் மறுபடி தூறும். காலையில் ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் வியர்த்து வழியும். அம்மா துணியால் துடைத்துப் பிழிந்துகொண்டே ஒவ்வொரு அறையாகப் போவார். அலமாரிக்குள் தொங்கிய அப்பாவின் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்தது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்ந்ததா இல்லையா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஈப்போவிலும் மழை உண்டு. ஆனால் அது சாயங்காலம் இடிமுழக்கத்தோடு வந்து, கூரையே பிய்ந்துவிடும் போலக் கொட்டி, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். பின்னாலேயே வெயில் வந்து சாலையிலிருந்து ஆவி கிளப்பும். "இங்க பெய்யவும் மாட்டேங்குது, விடவும் மாட்டேங்குது லா" என்று பெரியம்மாவிடம் அம்மா தொலைபேசியில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அப்பா அறைக்குள் வந்ததும் பேச்சு மீன் விலைக்கு மாறிவிட்டது.

தம்பிக்கு மட்டும் எந்த அபிப்பிராயமும் இல்லை. ஈப்போவே அவனுக்கு நினைவில்லை. என்றைக்காவது வெயில் பளீரென்று அடித்தால் கண்ணைப் பொத்திக்கொண்டு, லைட்டை அணைக்கச் சொல்லி ஆங்கிலத்தில் சிணுங்குவான்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளியில் பேச்சுப்போட்டி நடக்கும். அந்த ஆண்டு எங்கள் வகுப்பு ஆசிரியை கொடுத்த தலைப்பு, 'எங்கள் வீட்டில் எல்லாரும் ஒத்துப்போகாத ஒரு விஷயம்.' இரண்டு பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், சாட்சி காட்ட வேண்டும், கடைசியில் தீர்ப்பும் சொல்ல வேண்டும் என்றார். சாட்சி என்ற சொல்லைப் பலகையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். வகுப்பில் மற்றவர்கள் பூனையா நாயா என்றும், தொலைக்காட்சி யாருடைய கையில் இருக்க வேண்டும் என்றும் எடுத்துக்கொண்டார்கள். நான் மழையை எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

முதலில் அப்பாவைக் கேட்டேன். இரவுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பதில் சொன்னார். இந்த ஊர் வானம் யாரையும் சுடாது, யாரையும் உறைய வைக்காது. வருஷம் முழுக்கப் புல் பச்சையாக இருக்கும். வெயிலுக்கும் பனிக்கும் நடுவில் பிறந்த நிதானமான பிள்ளை இது என்றார். பால்மரக் கதையையும் சொன்னார். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டியைக் கேட்டேன். அவர் பிஜித் தீவிலிருந்து வந்தவர். அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். வழியில் தமிழ் தேய்ந்து, அவரிடம் வந்து சேர்ந்தபோது ஒரு கைப்பிடி அளவுதான் மிச்சமிருந்தது. பெரும்பாலும் சாப்பாட்டுப் பெயர்களும் உறவுமுறைகளும். அம்மாவைத் 'தங்காச்சி' என்பார், துணைக்கால் ஒன்று கூடுதலாக. அம்மா அவரை 'அக்கா' என்பார். மற்றதெல்லாம் ஆங்கிலம். வேலியைத் தாண்டி ஓரிரு சொல் பேசிக்கொள்வார்கள், அதற்கு மேல் பழக்கமில்லை. ஆன்ட்டி மதியத்துக்குமேல் பேரங்காடியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவருடைய கணவர் கூரைகளைப் பழுதுபார்ப்பவர்.

ஆன்ட்டிக்குச் சின்ன வயதில் அவர்கள் வீட்டுத் தகரக் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். கூடப் பிறந்தவர்களோடு மேசைக்கு அடியில் ஒண்டிக்கொண்டு விடியும்வரை இருந்தார்களாம். மறுநாள் காலையில் வானம் எதுவுமே நடக்காததுபோல நீலமாகச் சிரித்ததாம். அந்த வானத்தை நம்பவே கூடாது, இந்த ஊர் வானம் அழுமே தவிர யாரையும் அடிக்காது என்றார். எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று. மழைக்கு இரண்டு ஓட்டு.

எதிர்த்து ஓட்டுப்போட அம்மா இருக்கிறாரே என்ற தைரியத்தில் கடைசியாக அவரிடம் போனேன். அவர் தோசைக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கரண்டி ஒரு கணம் நின்றது.

"அம்மாவுக்கும் மழை புடிக்கும்னு எழுதிக்கோ" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியம்மாவிடம் வேறு மாதிரி சொன்னீர்களே என்று நினைவூட்டினேன். அது வேறு, இது வேறு என்றார். வீட்டில் எல்லாரும் ஒத்துப்போய்விட்டால் என் தலைப்பு என்னாவது என்று கேட்டேன். அவர் சட்டியில் மாவை ஊற்றிவிட்டு, ஊற்றியதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குச் சாட்சி நினைவுக்கு வந்தது. என்னிடம் ஒன்று இருந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அப்பாதான் வந்து அழைத்துக்கொண்டு போய் வீட்டு வாசலில் விட்டுவிட்டு அவசரமாகத் திரும்பிப் போனார். உள்ளே அம்மாவைக் காணவில்லை. கராஜுக்குள் டிரையர் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் அங்கேதான் இருந்தன. கதவைத் திறந்தேன். அம்மா துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஓடுகிற டிரையரில் முதுகைச் சாய்த்துக் கண்களை மூடியிருந்தார். கன்னங்கள் ஈரமாக இருந்தன. டிரையரின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் துணி எதுவும் இல்லை. வெறும் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்றதும் முந்தானைபோலத் துப்பட்டாவை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்தார். உடம்புக்கு என்ன என்று பதறிக்கொண்டு எழுந்தார். காய்ச்சலோடு படுத்திருந்த அடுத்த இரண்டு நாளும் அதே சத்தத்தைக் கேட்டேன். கயிற்றில் துணி ஈரமாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

குளிருக்காக அம்மா வெயில் காய்கிறார், வெயில் இல்லாததால் டிரையரில் காய்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். அம்மா அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. ஜன்னல் வியர்ப்பதுபோல அதையும் குளிரின் கணக்கில் எழுதிக்கொண்டேனோ என்னவோ, அது எனக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை. சாட்சி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பேச்சுக் குறிப்புக் கார்டில் அழகாக எழுதி வைத்தேன்.

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. வெளியே தூறல். நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாடை மண்டபம் முழுக்க இருந்தது. அம்மா தன்னிடமிருந்ததில் நல்ல பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கடைக்கு அன்று லீவு போட்டுவிட்டு வந்த பிஜி ஆன்ட்டி. அவருடைய கடைசி மகன் என் வகுப்பு. அப்பா வேலையிலிருந்து நேராக வந்து இடமில்லாமல் பின்சுவரோரம் நின்றார். மழைச்சட்டையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நான் நன்றாகவே பேசினேன். அப்பாவின் பழைய எதிரி கதைக்கு மண்டபம் சிரித்தது. அழுமே தவிர அடிக்காத வானத்துக்கு யாரோ கைதட்டினார்கள். ஆன்ட்டி வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்தார். தம்பி வெயிலை அணைக்கச் சொன்னதற்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. பிறகு நான் கடைசிக் கார்டை எடுத்தேன். என் அம்மா தனக்கு மழை பிடிக்கும் என்கிறார், ஆனால் என்னிடம் சாட்சி இருக்கிறது என்று நிறுத்தி, ஆசிரியை சொல்லித்தந்தபடி கூட்டத்தை ஒருமுறை இடமிருந்து வலமாகப் பார்த்தேன். எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

நாங்கள் எல்லாரும் வீட்டை விட்டுப் போன பிறகு என் அம்மா துணி போடாமல் டிரையரை ஓடவிட்டு அதில் சாய்ந்துகொள்கிறார் என்றேன். முதல் வரிசையில் சிலர் சிரித்தார்கள். அது ஓடும்வரை அழுகிறார், நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார், மறுபடி ஓடவிடுகிறார் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கூரையில் தூறல் விழுவது கேட்டது. ஆகவே மழைக்கு இரண்டு ஓட்டு, வெயிலுக்கு ஒன்று, மழையே வென்றது என்று தீர்ப்பைச் சொல்லி முடித்தேன்.

கைதட்டினார்கள். ஆனால் அந்தக் கைதட்டல் கொஞ்சம் தாமதித்து வந்தது. கடைசி வரியை வேகமாகச் சொல்லிவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன். மேடையிலிருந்து பார்த்தபோது அம்மா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டியின் கை அம்மாவின் கையைப் பிடித்திருந்தது. அப்பா பின்சுவரிலிருந்து நகர்ந்து, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி மூன்றாவது வரிசைக்கு வந்தார். அங்கே நாற்காலி இல்லை. சொட்டுகிற மழைச்சட்டையோடு அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவர் ஒருவர் பள்ளிப் பிள்ளைபோலத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

எனக்கு இரண்டாம் பரிசு. சான்றிதழில் 'நேர்மையான சாட்சிகளுக்காக' என்று எழுதியிருந்தார்கள்.

காரில் ஏறிய பிறகும் அப்பா வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. தம்பி பின்னால் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளா இப்படி?" என்றார் அப்பா.

"தம்பி ஸ்கூலுக்குப் போன நாள்லேர்ந்து" என்றார் அம்மா.

அப்பா கண்ணாடி துடைப்பானை ஒருமுறை ஓடவிட்டார். பிறகு, "திரும்பிப் போயிருவோமா?" என்றார்.

"இதுக்குத்தான் சொல்லல. நான் வாயத் தொறந்தா நீங்க டிக்கெட் போட்டுருவீங்க. எனக்குப் போக வேணாம் லா. பிள்ளைங்க இங்க நல்லா இருக்காங்க. நீங்க விசிலடிக்கிறீங்க. ஈப்போல நீங்க ஒரு நாளாச்சும் விசிலடிச்சு நான் பாத்ததில்ல." அம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மழை மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. காலையில நீங்க மூணு பேரும் போயிட்டா அந்த வீட்டுல மழை ஒண்ணுதான் பேசுது. நான் பேசுனா கேக்க ஆள் இல்ல. அந்த டிரையர் சூடா இருக்கு, சத்தம் போடுது. முதுகுக்குப் பின்னால யாரோ இருக்குற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

அப்பா கையை நீட்டி அம்மாவின் பின்னங்கழுத்தில் வைத்தார். நான் பின்னாலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மழைமேல் கோபமில்லை என்றால் மழைக்கு மூன்று ஓட்டு ஆகிறது. அப்படியானால் என் தலைப்பே தப்பு. இதை முன்பே ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நான் நாய் பூனையை எடுத்துக்கொண்டிருப்பேனே என்று அம்மாமீது எனக்கு வருத்தமாக இருந்தது.

அதன்பின் சில நாள்களுக்கு அப்பா விசிலடிக்கவில்லை. திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார், குற்றம் செய்தவர்போல மூடிவிடுவார். மத்தியானம் இரண்டு மூன்று தடவை வேலையிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசுவார். என்ன பேசுவது என்று தெரியாமல் என்ன சமையல் என்று கேட்பாராம். மூன்று தடவையும் அதையே கேட்டால் நான் மூன்று சமையலா செய்வேன் என்று அம்மா எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் மாலை பிஜி ஆன்ட்டி நொண்டிக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் மஞ்சள் நிறத்தில் பளிச்சென்ற ஒரு மேல்சட்டை. எங்கள் தெருவில் 'வாக்கிங் பஸ்' ஒன்று இருந்தது. பெயர்தான் பஸ், சக்கரம் கிடையாது. காலையில் பெரியவர் ஒருவர் அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்து வருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பிள்ளை சேர்ந்துகொள்ளும். மழையோ வெயிலோ, எல்லாரும் வரிசையாகப் பள்ளிக்கு நடந்து போவார்கள். எங்கள் தெருவில் அதை நடத்திவந்தவர் ஆன்ட்டிதான். எங்களை அப்பா காரில் கூட்டிப்போனதால் நாங்கள் அதில் சேர்ந்ததில்லை.

"தங்காச்சி, மை நீ பினிஷ்" என்று ஆங்கிலத்தில் சொல்லி ஆன்ட்டி முட்டியைத் தட்டிக் காட்டினார்.

மேட்டில் இனி ஏறி இறங்க முடியாதாம். தெருவில் மற்ற எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆளில்லை என்றால் பஸ்ஸை நிறுத்திவிட வேண்டியதுதானாம். அம்மா தயங்கினார். இந்த ஊர்ப் பிள்ளைகளை எனக்குத் தெரியாது, என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியாது, நான் மழையில் நடந்து பழகாதவள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆன்ட்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வலியோடு ஒரு படி இறங்கிக் காட்டினார். முட்டி வலியோடு நிற்கிற ஒருவரிடம் இல்லை என்று சொல்ல அம்மாவுக்கு எப்போதும் தெரியாது. மஞ்சள் சட்டையை வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தூறல் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. ஆன்ட்டியின் உயரத்துக்குத் தைத்த சட்டை அம்மாவுக்குத் தொடைவரை வந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள். புது ஆள் என்று தெரிந்ததும் வரிசை கலைந்துவிட்டது. ஆன்ட்டியின் மகன் வாய்க்கால் தண்ணீரில் குதித்தான். கொரிய வீட்டு இரட்டையர் இருவரும் குடையைக் கவிழ்த்துத் தண்ணீர் பிடித்தார்கள். செம்பட்டைத் தலைமுடிக்காரி ஒருத்தி யார் வீட்டு வேலியிலோ ஏறி நின்றாள். அம்மா ஆங்கிலத்தில் இரண்டு மூன்று தடவை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

அப்போது அம்மாவின் புருவம் ஏறியது.

"வரிசை!"

ஈப்போ பள்ளித் திடலில் கடைசிப் பிள்ளை வரைக்கும் கேட்ட குரல் அது. இரண்டு ஆண்டுகளாக நான் அதைக் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியாது, எல்லாருக்கும் புரிந்துவிட்டது. செம்பட்டைத் தலைக்காரி வேலியிலிருந்து இறங்கி வந்து நின்றாள். அம்மா விரலை நீட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே போனார். சாலையைக் கடந்ததும் மறுபடி எண்ணினார். அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளைகளே தங்கள் எண்ணைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். செம்பட்டைக்காரி 'நாலு' என்று நுனிநாக்கில் கத்துவாள். இரட்டையர் 'அஞ்சு' யார், 'ஆறு' யார் என்று தினமும் சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்தத் தெருவில் மழைச்சட்டைக்குள்ளிருந்து அப்படித் தமிழ் எண்கள் எழும்பி வந்ததைக் கேட்டு வீட்டு வாசல்களில் சிலர் காப்பிக் கோப்பையோடு வந்து நிற்பார்கள்.

பள்ளி வாசலில் பிள்ளைகளை ஒப்படைத்த பிறகு அம்மா உடனே திரும்பவில்லை. சின்ன வகுப்புகளில் பிள்ளைகள் புத்தகம் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் தேவை என்று என் ஆசிரியை கேட்டாராம். வாரத்தில் ஒரு நாள் என்று தொடங்கியது எல்லா நாளும் ஆனது. மதியம் எங்களோடேயே நடந்து வீடு திரும்புவார். தலைமுடி நனைந்து, ரப்பர் கம்பூட்ஸ் முழுக்கச் சேறாக, இன்றைக்கு எந்தப் பிள்ளை எதை எப்படி வாசித்தது என்று சொல்லிக்கொண்டே வருவார். டிரையர் இப்போது துணியோடுதான் ஓடியது.

ஒரு காலை அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அப்பாவைப் பார்த்து, "என்னா, விசிலையே காணோம்? அடிங்க. நல்லாத்தானே இருக்கும்" என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு மெட்டு வந்தது.

அம்மா பிறகு அந்தப் பரீட்சைகளை எழுதித் தேறி, இதே ஊரில் ஆசிரியையாக வேலை பார்க்கிறார். வகுப்பில் இன்னமும் தமிழில்தான் எண்ணுகிறாராம். நான் வளர்ந்து வேறு ஊர்களிலும் கொஞ்ச காலம் இருந்து பார்த்திருக்கிறேன். சுட்டெரிக்கிற ஊரும் உறைய வைக்கிற ஊரும் தெரியும். எந்த ஊரில் இருந்தாலும் வானம் தாழ்ந்து வந்து தூறத் தொடங்கினால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகுகிறது. எங்களை அடிக்காமல் வைத்துக்கொண்ட வானம் அது. வேலிக்கு அந்தப் பக்கத்தில் நல்லவர் ஒருவரையும் வைத்திருந்தது. ஆனால் அந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அப்போது என்னை உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று.

வசந்தம் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து பார்த்தபோது பக்கத்து வீட்டில் ஏணி சாத்தியிருந்தது. ஆன்ட்டி கூரை விளிம்பில் நின்று, மழைத்தண்ணீர் வடியும் தகரக் கால்வாயில் அடைத்திருந்த இலைகளை வாரிக் கீழே எறிந்துகொண்டிருந்தார். கணவர் ஏணியைப் பிடித்திருந்தார். வேலை முடிந்ததும் ஆன்ட்டி மளமளவென்று இறங்கினார். கடைசி இரண்டு மூன்று படிகளை விட்டுவிட்டுக் குதித்தார். அவர்கள் வீட்டு நாய் கையுறையைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதைத் துரத்திப் புல்லில் ஒரு சுற்று ஓடிப் பிடுங்கிக்கொண்டார்.

நான் உள்ளே ஓடினேன்.

"அம்மா, ஆன்ட்டிக்கு முட்டி சரியாயிருச்சு. இப்பதான் ஓடுனாங்க. பஸ்ஸ திருப்பிக் குடுத்துரணும்ல?"

அம்மா ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை நிதானமாகப் பிழிந்தார்.

"அவங்க முட்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்தே. எடது முட்டியத் தட்டிக் காட்டிட்டு வலது கால நொண்டுனாங்க" என்றார் அம்மா. சொல்லும்போதே வாய்க்கோடியில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அவங்ககிட்டயும் சொல்லக்கூடாது."

அன்று மாலை தூறிக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி வேலியோரம் வந்தார். அம்மாவைக் கண்டதும் ஒரு கால் லேசாக இழுத்தது. இந்தத் தடவை இடது கால். அம்மா ஈப்போவிலிருந்து வந்த தைலப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வேலிக்கு மேலாக நீட்டி, முட்டி எப்படி இருக்கிறது அக்கா, ராத்திரியில் சூடாகத் தேய்த்துவிடுங்கள் என்று மிகுந்த கவலையோடு சொன்னார். ஆன்ட்டி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இன்றைக்குக் கொஞ்சம் தேவலை தங்காச்சி, ஆனால் மேடு ஏறத்தான் முடியவில்லை என்றார். அம்மா, நீங்கள் அவசரப்படவே வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். சாட்சி என் கண்ணால் கண்டது. உண்மையைச் சொன்னதற்குச் சான்றிதழ் வாங்கியவள் நான். ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பொய் முடிந்துவிடும். அம்மா என் பக்கம் திரும்பாமலே என் தோளில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு பொய்யை, மழையில் நனைந்துகொண்டு, இத்தனை பிரியமாக எதற்குத்தான் சொல்லிக்கொள்கிறார்களோ என்று எனக்கு விளங்கவே இல்லை.